கட்டைவிரலில் உப்புத்தாள்

பரீட்சைக்குப் போகிற அன்று காலையில் சஃப்ரீன் செய்த முதல் வேலை, வீட்டோடு இருந்த கார்கானா என்கிற பட்டறையில் கிடந்த உப்புத்தாள் துண்டை எடுத்துத் தன் விரல்களைத் தேய்த்ததுதான்.

தோல்பை ஒட்டுகிறவர்களுக்கு அது புதிய காரியமில்லை. சொல்யூஷன் என்று அவர்கள் சொல்லும் மஞ்சள் பசை விரலில் காய்ந்துவிட்டால் சோப்புக்கு அசையாது. முதலில் தின்னரில் துணியை நனைத்துத் துடைக்க வேண்டும். அதற்கும் மசியாத கறையை, தோலின் விளிம்பை வழவழப்பாக்குகிற அதே உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போகும் முன்பும், பெருநாள் தொழுகைக்குக் கிளம்பும் முன்பும், தாராவியில் அவர்கள் சந்தில் வீட்டுக்கு வீடு அந்தச் சொரசொரப்பான சத்தம் கேட்கும். நாலு பேர் கூடுகிற இடத்துக்குக் கையில் தொழிலை ஒட்டிக்கொண்டு போகக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

"போதும்ளா. எலும்பு தெரிஞ்சிரப் போவுது" என்றாள் உம்மா ராபியா.

"நகத்து ஓரமெல்லாம் மஞ்சளா கெடக்கு உம்மா. அங்கன வாரவ எல்லாம் ஏசி ரூமுல பொறந்தவ மாதிரி இருப்பாளுவ. அவளுவ பக்கத்துல உக்காந்து மௌஸைப் பிடிக்கணும்லா."

தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து வாப்பா கரீம் பாட்சா தலையைத் தூக்காமலே சொன்னார். "கையத் தேச்சா மார்க்கு வரும்னா, நான் இந்நேரம் ஹைகோர்ட் ஜட்ஜு ஆயிருப்பேன்."

அவருடைய கட்டைவிரல் கண்ணாடித் துண்டு மாதிரி வழவழப்பாக இருக்கும். ரேஷன் கடை மெஷின் அதை ஒரு தடவைகூட ஒத்துக்கொண்டதில்லை. வயசானால் அப்படித்தான் என்று கடைக்காரர் சொன்னார். வீட்டிலும் அப்படியே நம்பினார்கள். அடுப்படியோடு நிற்கிற ராபியாவின் விரலைத்தான் மெஷினுக்குப் பிடித்திருந்தது. மாதா மாதம் அவள்தான் போய் விரலை வைத்து அரிசி கோதுமை வாங்கி வருவாள்.

சஃப்ரீன் எழுதப்போவது ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் குமாஸ்தா வேலைக்கான இரண்டாம் கட்டப் பரீட்சை. முதல் கட்டம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு நடந்தது. அப்போது கார்கானா மூடிக் கிடந்ததால் கையும் ஓய்ந்திருந்தது, படிக்கவும் முடிந்தது. அதில் தேறிவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஏதோ கம்பெனி தன் ஆட்களுக்குப் பரிசு கொடுக்க ஆபீஸ் பைகள் கேட்டு ஆர்டர் கொடுத்தது. இரண்டாம் கட்டத்துக்கு முதல் நாள் பொழுது சாய்கிறவரை அவள் ஒட்டினாள், தேய்த்தாள், மறுபடி ஒட்டினாள். கையுறை போட்டால் ஓரம் விரலுக்குப் பிடிபடாது. இந்த வருடத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் அடுத்த பரீட்சை கிடையாது, அடுத்த டப்பா சொல்யூஷன்தான்.

கணக்கு அவளுக்கு வரும். சின்ன வயதிலிருந்து தோல் வெட்டி மிச்சம் பார்த்த மூளை. இங்கிலீஷ்தான் கல் மாதிரி நின்றது, அதிலும் வாக்கியத்தைத் திருத்துகிற பகுதி. அதற்காகவே மாட்டுங்காவில் ஒரு கோச்சிங் வகுப்புக்குப் போனாள். அங்கே நடத்திய பிரேமலதாவுக்கு அவளைவிட நாலைந்து வயதுதான் கூட. அவளே பல பரீட்சை எழுதித் தோற்றவள். அதனால் சொல்லிக் கொடுப்பதில் சுற்றி வளைக்க மாட்டாள்.

"இங்கிலீஷ் வாக்கியத்துக்கு ரெண்டே வியாதிதான். ஒண்ணு ஊதிப் போறது. இன்னொண்ணு கோணிப் போறது. 'ரிட்டர்ன் பேக்'னு எழுதறேள். ரிட்டர்ன்னாலே திரும்பி வரதுதானே, அந்த பேக் எதுக்கு? வெட்டுங்கோ. 'அவன் நேர்மையானவன், உழைப்பாளி, பொறுமை இருக்கு' இப்படி எழுதினா மூணாவது மட்டும் தனியா நிக்கறது பாருங்கோ. அதையும் 'பொறுமைசாலி'ன்னு ஆக்கி வரிசையில நிறுத்துங்கோ."

கோணல் என்ன என்பது சஃப்ரீனுக்கு உடனே பிடிபட்டது. பைக்கு இரண்டு கைப்பிடி. ஒன்று நீளம் ஒன்று கட்டை என்றால், தூக்குகிறபோது பை சாய்ந்து நிற்கும். அவ்வளவுதான் விஷயம். ஊதலைத்தான் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட்டாள். அவளுடைய வீட்டில் யாரும் ஒரு சொல்லோடு நிறுத்துவதில்லை.

"ஒரு வார்த்தை போறும்ங்கற எடத்துல மூணு போட்டா, படிக்கறவாளுக்கு ரெண்டுல ஒண்ணு தோணும்" என்பாள் பிரேமலதா. "ஒண்ணு, இவளுக்கு விஷயம் தெரியலை. இல்லாட்டா, இவ பொய் சொல்றா."

பரீட்சை செம்பூரில், ஒரு கம்ப்யூட்டர் இன்ஸ்டிட்யூட்டில். ராபியா கூடவே பஸ்ஸில் வந்தாள். உள்ளே போன் கொண்டுபோகக்கூடாது என்பதால் மகளின் போனையும் பையையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு எதிரே நடைபாதையில் உட்கார்ந்தாள். "பிஸ்மி சொல்லிட்டு எழுதுளா. படபடன்னு ஓடாத" என்றாள்.

வாசலில் நீண்ட வரிசை. அடையாள அட்டை பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், பிறகு ஒரு சின்ன கறுப்பு மெஷினில் இடது கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். முதல் கட்டத்தில் எடுத்த ரேகையோடு ஒத்துப் பார்ப்பதற்கு. முன்னால் போன பெண்களுக்கெல்லாம் டிங் என்று ஒரு சத்தம், பச்சை விளக்கு, உள்ளே.

சஃப்ரீன் வைத்தாள். சிவப்பு.

"ஃபிர் சே" என்றாள் மெஷின்காரப் பெண்.

மறுபடி வைத்தாள். சிவப்பு. துப்பட்டாவில் துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. அந்தப் பெண் அவள் விரலைப் பிடித்துத் தானே அழுத்தினாள். மெஷின் இந்தத் தடவை கொஞ்சம் யோசித்தது. யோசித்துவிட்டுச் சிவப்பே காட்டியது. பின்னால் நின்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். தண்ணீர் கல்லைச் சுற்றிப் போகிற மாதிரி.

"நீங்கதான் முன்னாடி வந்தீங்களா?" என்று அந்தப் பெண் ஹிந்தியில் கேட்டாள். கேட்ட விதத்திலேயே சஃப்ரீனுக்குப் புரிந்தது. ஆள்மாறாட்டம் என்று நினைக்கிறாள்.

அவர்கள் சந்தில் ஒருவன் இருந்தான். படிப்பில் கெட்டிக்காரன். அடுத்தவன் பேரில் பரீட்சை எழுதப்போய், இதே போல் ஒரு வாசலில் பிடிபட்டான். போலீஸ் வந்து வீட்டைப் புரட்டியது. அவன் வாப்பா கடையை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு ஊரோடு போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டைக் கடக்கிறவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். அந்த வீடு இப்போது சஃப்ரீனின் கண்ணுக்குள் வந்து நின்றது. பூட்டிய கதவு. மேலே யாரோ ஒட்டிய போஸ்டர்.

ஒரு பெண் போலீஸ் வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். வலிக்கப் பிடிக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை.

மாடியில் ஒரு ரூம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பேர் மகாதேவன். கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்தது. பாங்கில் ரிட்டையர் ஆகி, இப்படிப் பரீட்சைகளுக்கு மேற்பார்வை பார்க்க வருகிற செம்பூர்க்காரர். அவளுடைய விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார். தமிழைக் கேட்டதும் அவளுக்கு மூச்சு வந்தது. அது தப்பான மூச்சு.

"தாராவியா?"

"ஆமா சார்."

"போன தடவை இங்கதான் ஒருத்தி. அக்கா பேருக்குத் தங்கை வந்து உக்காந்தா. மூஞ்சி அப்படியே அச்சு. படம் பார்த்தா நானே விட்டிருப்பேன். ரேகைதான் காட்டிக் கொடுத்தது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கு அக்கா தங்கை உண்டோ?"

உண்டு. தங்கை அஸ்ரின். பாண்டுப்பில் கட்டிக் கொடுத்திருக்கிறது. பார்த்தால் சஃப்ரீன் மாதிரியேதான் இருப்பாள். உண்டு என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"ஒரு தங்கச்சி இருக்கா சார், ஆனா அவ எட்டாவதோட நின்னுட்டா, அவளுக்கு இங்கிலீஷே வராது சார், அவ பாண்டுப்ல இருக்கா, நிக்காஹ் ஆயிட்டு, புள்ள இருக்கு, அவ இந்தப் பக்கம் வந்தே மாசக்கணக்காச்சு, வேணும்னா போன் போட்டுக் கேளுங்க, அவ அப்படிப்பட்டவ இல்ல சார், நாங்க யாருமே அப்படி..."

சொல்லச் சொல்லத் தன் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. நிறுத்த முடியவில்லை. பயம் வாயைத் திறந்து வைத்துவிட்டது. வார்த்தைகள் தானாக வந்து விழுந்தன. ஒன்றை மறைக்க இன்னொன்று, அதைத் தாங்க மூன்றாவது.

"உண்டோ இல்லையோன்னுதான் கேட்டேன்" என்றார் மகாதேவன். "இவ்வளவு கேக்கலை."

பெண் போலீஸ் கதவோரத்தில் நின்று கொட்டாவி விட்டாள். கீழே மணி அடித்தது. பரீட்சை ஆரம்பமாகிவிட்டது. முதல் பகுதியே இங்கிலீஷ். ஒவ்வொரு பகுதிக்கும் தனி நேரம், அது போனால் போனதுதான்.

"ரேகை ஏன் சேரலை? அதைச் சொல்லு."

அப்போதுதான் அவள் தன் விரலைப் பார்த்தாள். அதுவரை பார்க்கவே இல்லை. கட்டைவிரல் இளஞ்சிவப்பாக, சுத்தமாக, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது. புதிதாகப் பாலிஷ் போட்ட பை விளிம்பு மாதிரி. வாப்பாவின் விரல். வயசில்லை, தொழில் தின்ற விரல். சொல்யூஷன் அரித்து வைத்திருந்ததை இன்று காலை தானே உட்கார்ந்து, யாரும் சொல்லாமல், மிச்சமில்லாமல் தேய்த்து எடுத்திருக்கிறாள். நாலு பேர் மதிப்பதற்காக.

"தேச்சேன் சார்" என்றாள்.

மகாதேவன் ஒரு தாளை நீட்டினார். "பேசாதே. எழுதிக் கொடு, இங்கிலீஷ்ல. மேல அனுப்பணும். கட்டத்துக்குள்ள நாலு வரிக்குத்தான் எடம்."

அவள் எழுதினாள். மிகுந்த பணிவோடும் வணக்கத்தோடும் தாழ்மையோடும் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால் என்று இங்கிலீஷில் ஆரம்பித்தாள். குடும்பம் ஏழைக் குடும்பம் என்பதையும், முதல் கட்டத்தில் தானே நேரில் வந்து சுயமாக எழுதியதையும், ஏமாற்றும் எண்ணம் எதுவும் சிறிதும் கொஞ்சமும் இல்லை என்பதையும் எழுதுவதற்குள் நாலு வரி முடிந்து, கட்டம் தாண்டி, ஓரத்தில் செங்குத்தாக ஏறிப் போனது. விரலைப் பற்றி இன்னும் ஒரு சொல்லும் வரவில்லை.

அவர் வாங்கிப் படித்தார். "பணிவு, வணக்கம், தாழ்மை. மூணும் இருக்கு. விஷயம் எங்கே?"

பிரேமலதா சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒண்ணு, விஷயம் தெரியலை. இல்லாட்டா, பொய் சொல்றா.

"இன்னொரு தாள் குடுங்க சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கொடுத்தார்.

சஃப்ரீன் இந்தத் தடவை நேரே விஷயத்தை எழுதினாள். நான் தோல்பை ஒட்டுகிறேன். பசை என் ரேகையை அரித்தது. உப்புத்தாள் அதைத் தேய்த்தது. முதல் பரீட்சை எழுதியவள் நான்; இதை எழுதுபவளும் நான். அவ்வளவே. கட்டத்தில் பாதி காலியாகக் கிடந்தது.

மகாதேவன் படித்தார். மறுபடி படித்தார். முகம் இளகும் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இளகவில்லை. இறுகியது.

"யார் சொல்லிக் கொடுத்தா உனக்கு இதை?"

"மாட்டுங்கால கிளாஸ் போறேன் சார்."

"அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒரு பக்கம் உளறி வச்சே. இப்போ இப்படி எழுதறே." தாளை விரலால் தட்டினார். "நான் எத்தனையோ பேரைப் பார்த்தாச்சு. காசு வாங்கிண்டு அடுத்தவாளுக்குப் பரீட்சை எழுதறவா இப்படித்தான் எழுதுவா. ஒரு சொல் கூட இருக்காது."

உளறினால் பொய்காரி. சுருக்கமாக எழுதினால் தொழில்காரி. இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. உம்மா வெளியே வெயிலில் தன்னுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்தப் போலீஸ்காரி தன்னை முழங்கையைப் பிடித்து அந்த கேட் வழியாகக் கூட்டிப் போனால், உம்மா எழுந்து நிற்பாள். எழுந்து நின்று என்ன செய்வாள் என்று நினைத்தபோதுதான் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தாள். "கையப் பாருங்க சார்."

அவர் தொடவில்லை. பெண் போலீஸ்தான் வந்து ஒரு கையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். முகர்ந்தாள். "தின்னர்" என்றாள். பிறகு தோளைக் குலுக்கினாள். பெயிண்டர் கையும் இதே நாற்றம்தான் நாறும் என்று மராத்தியில் சொல்லிவிட்டுக் கையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

மகாதேவன் போனை எடுத்து மேலிடத்தில் யாரிடமோ பேசினார். ஒரு பக்கத்துப் பேச்சுதான் அவளுக்குக் கேட்டது. எஸ் சார். நோ மேட்ச் சார். ஃபேஸ் ஓகே சார். நடுவில் போலீஸ் என்று ஒரு சொல் வந்தது. கோர்ட் என்று ஒரு சொல் வந்தது. அவர் நெற்றியும் வேர்த்திருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். அவருக்கும் பயம். அடுத்தவள் பேரில் வந்த டம்மியை உள்ளே விட்டால் அவர் கழுத்து. நிஜமானவளை விரட்டி, அவள் கேஸ் போட்டால் அதுவும் அவர் கழுத்து.

போனை வைத்தார். "போய் எழுது. ரிசல்ட் வராது, நிறுத்தி வைப்பா. அடுத்த மாசம் ஆபீசுக்குக் கூப்பிடுவா, அங்கே இதே விரலை வைக்கணும். சேர்ந்தா சரி. சேரலைன்னா கேன்சல், மேற்கொண்டு போலீஸ் கேஸ். புரிஞ்சுதா?"

"சரி சார்."

ஹாலில் எல்லோரும் தலை கவிழ்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் உட்கார்ந்தபோது இங்கிலீஷுக்கு நேரம் கொஞ்சமே மிச்சமிருந்தது. திரையில் வாக்கியங்கள் வந்தன. ஊதியவை, கோணியவை. அவள் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடம் மேலே அந்த ரூமில் தங்கிவிட்டது. கை மட்டும் வேலை செய்தது, பையின் ஓரத்தில் பிதுங்கியதை வெட்டுகிற மாதிரி. பெண் போலீஸ் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கால் மாற்றிப் போடுகிற ஒவ்வொரு தடவையும் சஃப்ரீனின் முதுகு சிலிர்த்தது.

வீட்டில் கேட்டதும் கரீம் பாட்சா தையல் மெஷினை நிறுத்தினார். அவர் மெஷினை நிறுத்துவதே அபூர்வம்.

"அப்பம் அதுவரை நீ சொல்யூஷன் தொடக்கூடாது."

"தின்னரும் தொடக்கூடாது வாப்பா."

"ஆர்டர் பாதியில நிக்குது." அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வருது என்று சொல்கிற மாதிரி சொன்னார். ஒட்டுவதற்கு ஆள் வைத்தால் அந்த ஆர்டரில் மிஞ்சுவது போய்விடும் என்பது அவர் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

ராபியா அடுப்பை அணைத்துவிட்டு வந்து மகள் உட்காருகிற பலகையில் உட்கார்ந்தாள். "எப்படிளா பிடிக்கணும் இந்தப் பிரஷ?" என்றாள்.

அன்றிலிருந்து சமையல் சஃப்ரீன் பக்கம் வந்தது. பாத்திரம் கழுவ மட்டும் வாப்பா விடவில்லை. "சபீனா பவுடரும் ஒரு உப்புத்தாள்தான்" என்று சொல்லி, அவரே குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தார். சந்துக்காரர்கள் சிரித்தார்கள். "என்ன பாய், பீவி மொதலாளி ஆயிட்டாவளா?" "ஆமாப்பா, நான் இப்பம் கிச்சன் மேனேஜர்" என்றார்.

சஃப்ரீன் சிரிக்கவில்லை. காலையில் எழுந்ததும் வாசலில் போய் வெயிலில் விரலைப் பார்ப்பாள். தேங்காய் எண்ணெய் தடவுவாள். துடைத்துவிட்டு எவர்சில்வர் டம்ளரில் அழுத்துவாள். முதலில் வெறும் மங்கல்தான் விழுந்தது, மூச்சுப் பட்ட மாதிரி. பிறகு ஒரு நாள் ஓரத்தில் இரண்டு மூன்று வளைவு தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் புதிதாக ஒரு பயம் வந்து பிடித்தது. பிரேமலதாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, தேஞ்சு போன ரேகை மறுபடி வந்தா பழசேதான் வருமா? வேற மாதிரி வந்துருமா?"

"பழசுதான் வரும்னு நெனைக்கறேன்" என்றாள் பிரேமலதா. பிறகு அவளுக்கே உரிய நேர்மையோடு சேர்த்துக்கொண்டாள். "எனக்கு நிச்சயமாத் தெரியாதுடி."

அதற்குப் பிறகு அவள் டம்ளரில் அழுத்துவதையும் விட்டுவிட்டாள். வருவது தன் ரேகைதானா என்று பார்த்துச் சொல்ல அவளுக்குத் தெரியாது. தன்னுடைய விரலில் என்ன எழுதியிருந்தது என்பதை அதுவரை ஒரு நாளும் அவள் கவனித்ததில்லை. அது அந்த மெஷினுக்கு மட்டும்தான் தெரியும்.

கூப்பிட்டார்கள். கோட்டைப் பக்கம் ஒரு பெரிய ஆபீஸ். கிளம்புகிற நேரத்தில் ராபியா, "நானும் வாரேன். அன்னைக்கு மாதிரி உள்ள புடிச்சு வச்சா யாரு இருக்கா ஒனக்கு" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் நெடுநேரம் இருந்தாள். சஃப்ரீன் யாசீன் ஓதிக்கொண்டிருந்தாள். வேறெதுவும் காதில் விழவில்லை.

அங்கே மகாதேவன் இல்லை. சின்னப் பையன் மாதிரி ஒரு ஆபீஸர், காதில் இயர்போன். பேர் கேட்டார். விரல் கேட்டார். சஃப்ரீன் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். முழங்கையைப் பிடிக்க ஒரு கை வரும் என்று உடம்பு தானாகவே ஒதுங்கியது.

டிங்.

அவள் கண்ணைத் திறப்பதற்குள் அவர் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார். அவ்வளவுதான். இத்தனை நாள் தூங்காததற்கு அந்த ஒரு சத்தம்தான் பதில். "ரிசல்ட் எப்ப சார்?" என்றதற்கு, "வெப்சைட்" என்றார்.

ரயிலில் ராபியா அழுதாள், முக்காட்டுக்குள். சஃப்ரீனுக்கு அழுகை வரவில்லை. பயம் போன இடம் வெறும் பள்ளமாக இருந்தது. அதில் நிரப்ப ஒன்றும் கிடைக்கவில்லை.

"வார வழியில ரேஷன வாங்கிட்டுப் போயிருவோம்ளா. இன்னைய விட்டா இந்த மாசம் போச்சு" என்றாள் ராபியா.

ரேஷன் கடையிலும் வரிசை. கடைக்காரர் மெஷினை நீட்டினார். ராபியா வழக்கமாக வைக்கிற மாதிரி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு விரலை வைத்தாள்.

சிவப்பு.

"மாஜி, டீக் சே" என்று சரியாக வைக்கச் சொன்னார் கடைக்காரர்.

சிவப்பு. வேறு விரல். அதுவும் சிவப்பு. பின்னால் நின்ற ஒருத்தி, "எங்க அரிசியும் உங்க விரல்லதான் இருக்குதா? சீக்கிரம் ஆகட்டும்" என்றாள்.

சஃப்ரீன் உம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பினாள். பத்து விரலும் இளஞ்சிவப்பு. சுத்தம். வழவழப்பு.

"உம்மா. உப்புத்தாள் வச்சுத் தேச்சியா?"

ராபியா கையை இழுத்துக்கொண்டாள். "பெரிய ஆபீசுன்னியே. கூட வாரவ கை மஞ்சளா கெடந்தா ஒன்னையத்தான குறைவா நெனைப்பாவ."

சஃப்ரீனுக்குத் திட்டுவதற்கு வாய் வந்தது. திட்டவில்லை. காலையில் குளியலறையில் உம்மா அந்த நேரமெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று இப்போது புரிந்தது. அந்தச் சொரசொரப்பு இப்போதுதான் காதில் கேட்டது.

"கார்டுல வேற யார் பேர் இருக்கு?" என்றார் கடைக்காரர்.

சஃப்ரீன் தன் இடது கட்டைவிரலை நீட்டினாள். இப்போதுதான் ஒரு மெஷின் ஒத்துக்கொண்ட விரல். ஆனாலும் மெஷினைத் தொடாமல் மேலேயே நிறுத்திவைத்தாள். "வைம்மா, கடிக்காது" என்றார் அவர். வைத்தாள். பச்சை வந்தது. அரிசி விழுகிற சத்தம் கேட்கிறவரை அவள் விரலை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா முதலில் மகளின் விரலைப் பிடித்துப் பார்த்தார். ஒத்துக்கொண்டது என்று கேட்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். பிறகு மனைவியின் விரலைப் பார்த்தார். ஓரத்தில் ஒட்டாமல் அடுக்கிக் கிடந்த பைகளைப் பார்த்தார்.

"இனிமே இந்த வீட்டுக்கு இருக்கது ஒரு வெரலுதான்" என்றார். "ஒருத்தி ஒட்டணும். ஒருத்தி வெரல வச்சுக்கிடணும். ரிசல்ட் வாரது வரைக்கும்."

"ரிசல்ட் வரலைன்னா?" என்றாள் சஃப்ரீன்.

ராபியா முக்காட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பலகையில் போய் உட்கார்ந்து டப்பாவின் மூடியைத் திறந்தாள். சொல்யூஷன் நெடி ரூம் முழுக்கப் பரவியது. சஃப்ரீன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிப் பொத்திக்கொண்டு, அந்த நெடிக்கு எட்டாத தூரம் இந்த வீட்டில் எங்கே இருக்கிறது என்று தேடி, வாசற்படிவரை நகர்ந்து நின்றாள்.